நிலத்தின் கீழே நெருப்பு

கொதிநீரைக் கண்ணாடிக் கிளாசில் திடீரென ஊற்றியதும் அது வெடித்துப் பிளப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். காரணம் யாது? உட்பக்கம் சூடேறி விரிகிறது. வெளிப்பக்கமோ இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இவ்விரண்டின் இழுபறியிற் கண்ணாடி பிளந்துவிடுகிறது. மெல்லிய கிளாசிலும் தடித்த கிளாசே எளிதில் உடைவதன் இரகசியமும் இதுவே.

வெப்பத்தினாற் பொருள்கள் விரிகின்றன. ஆயினும், எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீற்றர் நீளமான இரும்புக் கம்பியின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் நீளும். அலுமினியமோ அதன் இரு மடங்களவு நீளும். வண்டிச் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டும் கொல்லன், அதனைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றி இறுக்குவது இந்த விதியை நம்பியே. கொல்லனுக்குத் துணை நிற்கும் அதே விதி, கொரியாவில் உறங்கியோரின் உயிருக்கே உலை வைத்தது.

கொரியாவின் மாரி கொடியது. சியோல் நகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரை இறங்குவதுண்டு. ஆகவே அந்நாட்டு மக்கள், 'ஒண்டோல்' என்னும் முறையைப் பன்னெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். அடுப்படியில் மூட்டிய தீயின் புகையும் அனலும் அறையின் நிலத்துக்குக் கீழுள்ள வழிகளினூடாகச் சென்று, மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். மேலே பரப்பிய கற்பலகைகள் சூடேறி, தீ அணைந்த பின்னரும் நெடுநேரம் வெம்மை தரும். கல்லின்மேல் மண் பூசி, எண்ணெய் ஊட்டிய கடதாசியை ஒட்டுவர். அடுப்பை அண்டிய வெதுவெதுப்பான இடம் முதியோருக்கும் விருந்தினருக்கும் உரியது.

கொரிய யுத்தம் 1953இல் ஓய்ந்தது. விறகு அரிதாகவே, துளையிட்ட நிலக்கரிக் கட்டிகள் வீடுதோறும் புகுந்தன. அவை மெதுவாக எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறந்தது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நாள்தோறும் சூடேறியும் ஆறியும் வந்த நிலத்திலே, கல்லும் மண்ணும் வெவ்வேறளவில் விரிந்து சுருங்கியமையால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றின. அவற்றினூடாக வாயு அறைக்குட் கசிந்தது. இரவிற் கண்ணயர்ந்த குடும்பங்கள் விடியலிற் கண்விழிக்கவில்லை. ஆண்டுதோறும் பலர் இவ்வாறு மாண்டனர்.

இவ்வாயு, ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேலான பற்றுடன் குருதியின் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. மயங்கியோருக்கு ஊறுகாய் நீரைப் பருக்கும் வழக்கம் அங்கிருந்தது. அது நஞ்சை முறிப்பதில்லை. தூய காற்றும் ஒட்சிசனும் வைத்தியசாலையுமே கதி.

ஒண்டோலை அம்மக்கள் கைவிட்டனரா? இல்லை. அடுப்பையே அறைக்குப் புறம்பாக்கினர். கொதிகலனிற் சூடாகிய நீர், நிலத்திற் பதித்த குழாய்களில் ஓடலாயிற்று. இன்று சியோலின் மாடி வீடுகளிலும் இம்முறையே வழங்குகிறது. தென்கொரிய அரசு 2018இல் ஒண்டோல் மரபைத் தேசிய மரபுரிமையாக ஏற்றது.

நமது மலைநாட்டுக் குளிரிரவுகளிலும் சிலர் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவதுண்டு. புகையில்லையே என்று நாம் ஏமாந்துவிடலாகாது. கனலும் கரி இருக்கும் அறையில் எவரும் உறங்கலாகாது; குளிருக்குக் கம்பளியே போதும்.