கொன்றது யார்? – ஒரு மொழிப்பாடம்

நுழையும்முன்

வேற்றுமொழியைக் கற்பவர் தம் தாய்மொழியின் இயல்பையும் சேர்த்தே அறிகிறார். ஒரு கொலைக்கதையின்வழி ஜப்பானிய மொழியைக் கற்கும்போது இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல்லின் முன் நிற்றல்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊராக வைணவ மரபில் போற்றப்படுகிறது. உபநிடதச் சொல் ஒன்றுக்கு ஆசிரியர் கூறிய பொருளை ஏற்காத மாணவர், வேறு பொருள் கண்டார் என்று அம்மரபு கூறும். ஒரு சொல்லின் முன் நின்று சிந்திக்கும் இப்பழக்கம் எம்மொழியைக் கற்பவருக்கும் இன்றியமையாதது.

இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஐந்து நிலைகளைக் கொண்ட ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலும் நடத்தப்படுகிறது. இம்மொழியைக் கற்க விழையும் தமிழ் மாணவருக்குத் தாய்மொழியே பெருந்துணையாகும்.

ஒப்புமையும் வேற்றுமையும்

தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் தொடரின் இறுதியில் வரும். உருபுகள் பெயருக்குப் பின் அமையும். ‘நான் படித்த புத்தகம்’ என்பதை ‘வாதாஷி கா யோந்தா ஹோன்’ என்பர். ‘யோந்தா’ என்பது படித்த. ‘ஹோன்’ என்பது புத்தகம். தமிழ்ப் பெயரெச்சத் தொடரின் சொல்வரிசை அப்படியே நிற்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ‘கொன்றேன், கொன்றான், கொன்றாள்’ எனத் தமிழில் விகுதியே வினைசெய்தவரைக் காட்டிவிடும். ஜப்பானிய மொழியில் இம்மூன்றுக்கும் ‘கொரோஷிதா’ என்னும் ஒரே வடிவம் போதும். எழுவாயும் பலவேளை மறைந்தே நிற்கும். எனவே, செய்தவர் யார் என்பதைச் சூழலைக் கொண்டே படிப்பவர் உய்த்துணர வேண்டும்.

துப்பறியும் வாசிப்பு

அடிப்படை இலக்கணம் கற்றபின் இதற்கு உகந்த பயிற்சியாக அமைவது, அகுதாகவா ரியூனொசுகே (1892–1927) 1922ஆம் ஆண்டு வெளியிட்ட ‘யாபு நோ நாகா’ என்னும் சிறுகதை. தலைப்பே ஒரு பாடம்: யாபு – புதர், நோ – இன், நாகா – உள். புதரில் கிடந்த ஒரு வீரனின் சடலம் பற்றி எழுவர் பேசுகின்றனர். கள்வன், வீரனின் மனைவி, இறந்தவனின் ஆவி ஆகிய மூவரும் அச்சாவு தம் கையாலேயே நிகழ்ந்தது என்கின்றனர்.

விசாரிப்பவரின் வினாக்கள் கதையில் தனியே இடம்பெறவில்லை. விடைகளிலிருந்தே அவற்றை ஊகிக்க வேண்டும். விறகுவெட்டி மிகப் பணிவான சொற்களால் பேசுகிறான். ஆவியோ, ‘நான்’ என்பதற்கு ஆடவர் முரட்டுத்தொனியில் வழங்கும் ‘ஓரே’ என்னும் சொல்லை ஆள்கிறது. பேசுபவரின் நிலையைச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

இக்கதையை அடிப்படையாகக் கொண்டு அகிரா குரோசவா ‘ராஷோமோன்’ (1950) திரைப்படத்தை இயக்கினார். அதன் தாக்கத்தில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954), பாடல்கள் இல்லாத தமிழ்த் திரைப்படமாகும். முரண்பட்ட சாட்சிகளால் உண்மை புலப்படாத நிலையை ஜப்பானியர் இன்றும் ‘யாபு நோ நாகா’ என்றே குறிப்பிடுகின்றனர்.

கற்கும் முறை

முதலில் கதைப்போக்கை அறிய ஒருமுறை படிக்க வேண்டும். பின்னர் யார், யாரை, எதனால் என்னும் வினாக்களுக்குரிய விடைகளை ஒவ்வொரு வாக்குமூலத்திலிருந்தும் தனித்தனியே குறிக்க வேண்டும். குறிப்புகள் முரண்பட்டால், உருபைத் தவறாகப் படித்தோமா, சாட்சிகளே முரண்படுகின்றனரா என ஆராய வேண்டும். கொலைக்கதையில் ஓர் உருபைத் தவறவிட்டாலும் குற்றமற்றவர் மீது பழி விழும்.

இவ்வாறு தேடிப் பழகிய மாணவர் தமிழுக்குத் திரும்பும்போது, ‘ஏன்’, ‘ஆன்’, ‘ஆள்’ என்னும் சின்னஞ்சிறு விகுதிகள் எவ்வளவு பெரிய சான்றைச் சுமந்து நிற்கின்றன என்பதை உணர்வார்.