10 நாளில் 15 சுறா மாயம். காட்டிக் கொடுத்தது கடலடி கருவி! மீன் போகும் வழியை கண்டுபிடிப்பது எப்படி?

திருச்செந்தூர்,

திருச்செந்தூர் அமலிநகர், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் பகுதி மீனவர்களுக்கு திருக்கை புதுசு இல்லை. அதற்கென்றே ‘திருக்கை வலை’ என்று தனி வலை உண்டு. ஆனால் வலையில் விழுவதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது, எத்தனை நாள் தங்கியது, எந்த வழியாக வந்தது? இதை சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் வேலை உலகின் பல கடல்களில் நடக்கிறது.

அதனால் மீனவனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அதற்கு 2001-ம் ஆண்டு நடந்ததை பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு சுறா, திருக்கை இனங்கள் அத்தனையையும் ஒட்டுமொத்தமாக வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலியும் அதே பட்டியல், திருக்கையும் அதே பட்டியல். மீனவர்கள் கொதித்து எழுந்தார்கள். டிசம்பர் மாதமே பட்டியல் 10 இனங்களாக குறைக்கப்பட்டது. 2022-ல் சட்டத்தை திருத்தியபோது மறுபடியும் பல இனங்கள் சேர்ந்து விட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

எந்த மீன் எந்த இடத்தில் குட்டி போடுகிறது, எந்த மாதம் வருகிறது என்ற கணக்கு கையில் இருந்தால் அந்த இடத்தை மட்டும், அந்த மாதம் மட்டும் மூடலாம். கணக்கு இல்லை என்றால் மொத்தமாக பூட்டுதான்.

செல்போன் சிக்னல் எடுக்காது

உப்பு தண்ணீருக்குள் ஜி.பி.எஸ். வேலை செய்யாது, செல்போன் சிக்னலும் எடுக்காது. 2011-ல் குஜராத் கடலில் திமிங்கலச் சுறாவுக்கு செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது மேல்மட்டத்துக்கு வந்து நீந்தும் மீன் என்பதால் சரிப்பட்டது. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கைக்கு அது சரிப்படாது.

சத்தம் அப்படி அல்ல. காற்றில் வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் சத்தம், கடல் தண்ணீரில் சுமார் 1,500 மீட்டர் பாய்ந்து விடும். இலங்கை மட்டக்களப்பில் துடுப்பின் ஒரு முனையை தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைத்து ‘பாடும் மீன்’ சத்தம் கேட்பார்களே, அந்த சங்கதிதான் இதுவும். என்ன, இங்கே பாட்டை நாமே மீனுக்குள் வைத்து அனுப்புகிறோம்.

வயிற்றில் தையல்

சுறாவை பிடித்து படகோரம் மல்லாக்க திருப்பினால் மயங்கினது போல அசையாமல் கிடக்கும். வயிற்றில் சின்னதாக கீறி, விரல் அளவு கருவியை உள்ளே வைத்து தையல் போட்டு விட்டு விடுவார்கள். ஆனைக்கணக்காக இருக்கும் கொம்பு திருக்கை வகை என்றால் பிடிக்கவே வேண்டாம். முக்குளித்து போய், நீளக் கம்பால் முதுகில் குத்தி மாட்டி விடலாம்.

அந்த கருவி ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை குரல் கொடுக்கும். மனித காதுக்கு கேட்காத சத்தம். ஒவ்வொரு மீனுக்கும் தனி நம்பர். பெரிய கருவி என்றால் பேட்டரி 10 ஆண்டு வரை கூட தாங்கும்.

கேட்பதற்கு கடலடியில் எடை கட்டி ரிசீவரை நிறுத்தி வைப்பார்கள். சில நூறு மீட்டருக்குள் மீன் வந்தால் நம்பர், தேதி, நேரம் பதிவாகி விடும். செக்போஸ்ட்டில் போலீசார் லாரி நம்பர் எழுதுகிற மாதிரி. பிறகு ஆள் முக்குளித்து ரிசீவரை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும்.

செக்போஸ்ட் இல்லாத வழியில் மீன் போனால் ஒன்றும் தெரியாது. அலை இரைச்சலிலும் சத்தம் அமுங்கி போகும். ஒரே நம்பர் நாள் கணக்கில் ஒரே இடத்தில் கேட்டால் மீன் செத்திருக்கும், அல்லது கருவி கழன்று விழுந்திருக்கும். திருக்கையை சுறா விழுங்கி விட்டாலோ, சுறா அந்த திருக்கை நம்பரோடு ஊர் சுற்றும்!

சத்தம் நின்று போச்சு

சீஷெல்ஸ் நாட்டின் டாரோஸ் தீவில் 2013 முதல் 42 கொம்பு திருக்கைகளுக்கு கருவி பொருத்தினார்கள். பெரும்பாலும் அவை தீவை சுற்றியே கிடந்தது தெரிந்தது. 2020-ல் அந்த தீவை சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது.

நம்ம ஊர் ஆழ்கடல் மீனவர்கள் கவனிக்க வேண்டியது சாகோஸ் தீவு கதை. கன்னியாகுமரியில் இருந்து சுமார் 1,800 கிலோ மீட்டரில் டீகோ கார்சியா இருக்கும் தீவுக்கூட்டம் இது. 2010-ல் பிரிட்டன் அங்கே மீன்பிடிக்க தடை போட்டது. தூண்டிலோடு எல்லை தாண்டி போன இந்திய, இலங்கை படகுகள் அங்கே பிடிபடுவது பல முறை நடந்து இருக்கிறது.

அங்கே சுறாக்களுக்கு கருவி வைத்து இருந்தார்கள். 2014 டிசம்பரில் 10 நாளைக்குள் 15 சுறாவின் சத்தம் திடீரென்று நின்று போச்சு. கருவி வைத்த சுறாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! அதே சமயம் அந்த கடலில் 2 படகுகள் பிடிபட்டன. உள்ளே 300-க்கும் மேற்பட்ட சுறாக்கள். 2019-ல் இதை ஆய்வாளர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். ரோந்து கப்பல் பார்க்காததையும் சுறாவின் மவுனம் சொல்லி விடும் என்பது அவர்கள் வாதம்.

மீனை காப்பாற்ற வைத்த கருவி, படகையும் காட்டிக் கொடுக்கும் என்றால் மீனவர்களுக்கு சங்கடம்தான். அதே சமயம் ‘திருக்கை இங்கே இல்லை, இந்த இடத்தை மூடாதே’ என்று அதிகாரிகளிடம் வாதாடவும் இதே கணக்குதான் உதவும்.

பல நாடுகளில் கருவியின் மேல் போன் நம்பரோ முகவரியோ அச்சடித்து இருக்கும். மீனை அறுக்கும்போது கருவி கிடைத்தால், பிடித்த இடம், தேதியோடு திருப்பி கொடுக்கும் மீனவருக்கு பரிசுப் பணமும் சில இடங்களில் கொடுக்கிறார்கள்.