தீவுகளுக்கிடையே படகுப் பயணம்: கண்ணுக்குத் தெரியாத பாதையை அறிவோம்

பெருநாள் விடுமுறையில் கீழக்கரை, வேதாளை, மண்டபம், பாம்பன் ஆகிய ஊர்களில் உள்ள உறவினர் வீடுகளுக்குப் போகும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. கடற்கரைக்குப் போனதும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "வாப்பா, படகுல போகலாமா?" என்பதுதான். தூரத்தில் தெரியும் தீவைப் பார்த்தால் கைக்கெட்டும் தூரம் போல இருக்கும். கடலும் குளம் போல அமைதியாகக் கிடக்கும். ஆனால் கரைக்கும் தீவுக்கும் இடைப்பட்ட கடல், ஆழ்கடலை விடவும் கவனம் தேவைப்படும் இடம். காரணம் எளிது. ஆழ்கடலில் படகு மோத எதுவும் இல்லை. இங்கே நீருக்கு அடியில் பாறையும் மணல்திட்டும் காத்திருக்கின்றன.

எங்கே இருக்கிறது ஆபத்து?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. 1986-ல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் உள்ளன. மீனவர்கள் இவற்றைப் 'பார்' என்பார்கள். பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததாலும் கடல் அரிப்பாலும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியே போய்விட்டன. வெளியே தெரியும் தீவை விட, இப்படி மூழ்கிய திட்டுதான் படகுக்கு ஆபத்து.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டையும் இணைக்கும் குறுகிய வழி பாம்பன் கால்வாய். ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் இதில் நுழைய முடியாது. இலங்கையைச் சுற்றித்தான் போகும். சிறிய கப்பல்களும் விசைப்படகுகளும் துறைமுக அலுவலகத்தின் அனுமதி பெற்று, ரயில் பாலத்தின் தூக்கு பகுதி உயர்த்தப்பட்ட பிறகே கடக்கின்றன. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் இரண்டு கைகள் விரிவது போல அந்தப் பகுதி திறந்து வந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்கிறது.

நீரின் நிறத்தைப் படித்தல்

கருநீலமாகத் தெரிந்தால் ஆழம் அதிகம். இளம்பச்சை என்றால் அடியில் மணல், ஆழம் குறைவு. பழுப்பு அல்லது மஞ்சள் கலந்த நிறம் என்றால் பார் மிக அருகில் இருக்கிறது. இந்த நிறங்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் வெயில் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்க வேண்டும். எதிர் வெயிலில் நீர் கண்ணாடி போலப் பளபளக்கும். அடியில் இருப்பது எதுவும் தெரியாது. அதனால்தான் தீவுகளுக்கிடையே போகிறவர்கள் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் புறப்பட்டு, மாலை வெயில் சாய்வதற்குள் கரை திரும்புகிறார்கள். மேகமூட்டத்திலும், மழையால் நீர் கலங்கியிருக்கும்போதும் நிறத்தை நம்ப முடியாது. அப்போது கயிற்றில் குண்டு கட்டி இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று அளந்து பார்ப்பதே வழி.

காற்றும் நீவாடும்

கடல் நீரோட்டத்தை மீனவர்கள் 'நீவாடு' என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீர் பொதுவாக மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணை நோக்கி ஓடும். வாடைக்காற்றுக் காலத்தில் அது எதிர்த்திசையில் திரும்பும். அகன்ற கடலில் மெதுவாக ஓடும் நீர், குறுகிய கால்வாய்க்குள் நுழையும்போது வேகமெடுக்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இருந்தால், நெருக்கமான செங்குத்து அலைகள் எழும். சிறிய படகைக் கவிழ்ப்பவை இவைதான்.

தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழ். ஒரு கரையில் நின்று பார்த்து, "கடல் அமைதியாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யக்கூடாது.

அடையாள மிதவைகள்

இந்தியாவில் பின்பற்றப்படும் முறைப்படி, கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கமும், பச்சை மிதவை வலப்பக்கமும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த கால்வாயில் எது 'உள்ளே' என்பதைக் கடல் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பும் மஞ்சளுமான மிதவையின் உச்சியில் இரண்டு கூம்புகள் இருக்கும். இரண்டும் மேல்நோக்கி இருந்தால் அதன் வடக்கே பாதுகாப்பான நீர். இரண்டும் கீழ்நோக்கி இருந்தால் தெற்கே.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். படகு எங்கே நிற்கிறது என்பதை அது சரியாகச் சொல்லும். போன புயலில் மணல்திட்டு எங்கே நகர்ந்தது என்பதை அது சொல்லாது. அதை அறிந்தவர் அன்றாடம் அந்த வழியில் போகும் உள்ளூர் மீனவர்.

மாலுமி என்றால் ஆசிரியர்

'மாலுமி' என்ற தமிழ்ச்சொல்லின் மூலம் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல். கற்பிப்பவர் என்று பொருள். இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழி சொல்பவரை அரபு மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு மாஜித், விண்மீன்களையும் பருவக்காற்றையும் கரை அடையாளங்களையும் 12 பகுதிகள் கொண்ட நூலில் தொகுத்தார். அவருடைய தந்தையும் செங்கடல் வழிகளைப் பற்றி எழுதியவர். கடல் வழி என்பது துணிச்சலால் வருவது அல்ல, கற்று வருவது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது.

குடும்பத்துடன் போகும்போது

- உயிர்காப்புச் சட்டையைக் கரையிலேயே அணிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் சட்டை உதவாது, நழுவிவிடும். புர்கா, சேலை அணிந்தவர்கள் அதற்கு மேல் வெளியே தெரியும்படி அணிய வேண்டும்.
- "இன்னும் இரண்டு பேர்தானே" என்று ஏற்றாதீர்கள். பாரம் கூடினால் படகு கீழே இறங்கும். பாரில் தட்டும், அலையும் உள்ளே ஏறும்.
- படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால், அமைதியான கடலிலும் படகு கவிழும்.
- பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தால் பயணத்தை விட்டுவிடுங்கள். படகோட்டி மறுத்தால் கூடுதல் பணம் காட்டி வற்புறுத்தாதீர்கள்.
- வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் இறங்கக்கூடாது.
- எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழைக்கலாம்.

படகில் ஏறும்போது துஆ ஓதுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியும் நமக்குத் தெரியும். கடலில் ஒட்டகத்தைக் கட்டுவது என்பது, பிள்ளையின் உயிர்காப்புச் சட்டையின் பட்டையை நம் கையால் இழுத்துப் பார்ப்பதுதான்.