இரவு உறக்கம் கெடுக்கும் சிறுநீர்: சீன மருந்து தீர்க்குமா?

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும் டென்மார்க்கில் இரவு மிக நீண்டது. அவ்விரவில் நான்கைந்து தடவை சிறுநீர் கழிக்க எழும் எம்மவர் பலர், குளிரே காரணமெனத் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். மருத்துவரிடம் செல்வதானால் மொழிபெயர்க்க மகளை அழைக்க வேண்டும். பிள்ளையின் முன்னிலையில் இதனை எவ்வாறு உரைப்பது? ஆகவே எவரோ கூறக் கேட்டுச் சீன மருந்தை நாடுவோரும் உளர்.

சீன மருத்துவம் இத்தொல்லையை நெடுங்காலமாக அறியும். சிறுநீரகத்தின் வெம்மை குன்றும்போது நீரைத் தடுத்துவைக்கும் ஆற்றலும் குன்றும் என்பது அதன் கொள்கை. இதற்கென வழங்கும் பழைய மருந்து 'சுவோ சுவான் வான்'. ஊற்றைச் சுருக்கும் உருண்டை என்பது பொருள். அதன் மூன்று சரக்குகளுள் ஒன்று எமது சித்தரத்தையின் இனத்துக் காய். மற்றொன்று இராசவள்ளிக்கிழங்கின் உறவான கிழங்கு. மூன்றாவது கறுவாக் குடும்பத்துச் செடியொன்றின் வேர். தொப்புளுக்கு நான்கு விரற்கிடை கீழே மூலிகைத் திரியால் சூடு காட்டுவதும், ஊசி குத்துவதும் உண்டு. சிலருக்கு இதம் கிடைக்கலாம். ஆயினும் இதுவரை நடந்த ஆய்வுகளுட் பல சிறியவை. அவற்றை நம்பி உறுதி கூற இயலாது.

எமது அச்சம் வேறு. இரவுச் சிறுநீர் நீரிழிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். தெற்காசியருக்கு ஐரோப்பியரை விட இள வயதிலேயே, உடல் பருக்காமலே அந்நோய் வருகிறது. ஆண்களுக்குப் புரஸ்டேற் சுரப்பி வீங்கியிருக்கலாம். இதய நோயும், இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் மாத்திரையுங்கூடக் காரணமாகலாம். உருண்டையை விழுங்கிக்கொண்டு ஓராண்டைக் கழித்தால் நோய் உள்ளே வளரும்.

பெயரறியாத பொடிகளிலும் எச்சரிக்கை வேண்டும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் மீளாது பழுதுற்றன. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்னும் நச்சுச் செடி சேர்ந்திருந்தது. எம்மூர் ஆடுதின்னாப்பாளையும் அவ்வினமே என்பதை நாட்டு மருந்து வாங்குவோரும் நினைவிற் கொள்க.

மஞ்சள் அட்டை உள்ளவர்கள் குடும்ப வைத்தியரிடமும், முகாமில் இருப்போர் அங்குள்ள தாதியிடமும் கட்டணமின்றிக் காட்டலாம். நீண்டகாலச் சர்க்கரையை அறியும் இரத்தப் பரிசோதனைக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. அளவு 48 அல்லது அதற்கு மேலெனில் நீரிழிவு எனக் கொள்வர். செல்லுமுன் மூன்று நாட்கள் எத்தனை தடவை எழுந்தீர்கள், மாலையில் எத்தனை கோப்பை தேநீர் அருந்தினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் தேவையென்று கூறிவிடுங்கள். மகள் வீட்டிலேயே இருக்கட்டும்.