நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி

உகாண்டாவின் வடக்கே குலு என்ற ஊர். அந்த வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் நெஞ்சில் எக்கோ கருவியை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஓடியாடித் திரிந்த பிள்ளைகள், எந்த உபாதையும் சொல்லாதவர்கள். ஆனாலும் சிலருக்கு இதய வால்வு பழுதாகத் தொடங்கியிருந்தது. அப்படிப்பட்ட 818 பேரை ஆய்வில் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். மற்றவர்களை ஊசியின்றிக் கண்காணித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் எக்கோ. ஊசி போடாத 400 பேரில் 33 பேருக்கு வால்வு மேலும் கெட்டிருந்தது. ஊசி போட்டவர்களில் 3 பேருக்கு மட்டுமே. 2021இல் வெளியான இந்த முடிவை நினைக்கும்போதெல்லாம், இத்தனை காலம் எத்தனை பிள்ளைகளைக் கைவிட்டிருக்கிறோம் என்ற எண்ணம் என்னை வதைக்கிறது.

இந்த நோய்க்கு ருமாட்டிக் இதய நோய் என்று பெயர். தொண்டை வலியில்தான் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி ஒன்று தொண்டையைத் தாக்கும். அதை எதிர்க்கக் கிளம்பும் உடலின் காவல்படை, ஆள் மாறிப்போய்ச் சொந்த மூட்டுகளையும் இதயத்தையும் அடிக்கிறது. தொண்டை வலி ஆறி இரண்டு மூன்று வாரத்தில் வாதக் காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது வடிந்தால் கணுக்கால் வீங்கும். மூட்டு வலி தானாகப் போய்விடுவதால் வீட்டில் மறந்துவிடுகிறார்கள். வால்வில் விழுந்த தழும்பு போவதில்லை. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் அது தடிக்கிறது. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கும். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் கிருமி எளிதில் பரவும். பணக்கார நாடுகளில் அநேகமாக ஒழிந்துவிட்ட இந்த நோய், உலகில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்கிறது. இந்தியாவின் பங்கு அதில் மிகப் பெரியது.

பெண்களுக்கு ஆபத்து கூடுதல். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 14 நாடுகளில் 3,343 நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். சுருங்கிய வால்வோடு இருப்பவருக்குக் கர்ப்பத்தில் இரத்த ஓட்டம் கூடும்போது நுரையீரலில் நீர் கோத்துவிடும். மூச்சு வாங்குவதைப் பிள்ளைத்தாய்ச்சிக் களைப்பு என்று விட்டுவிட்டால், பிரசவ வலியின்போதுதான் நோய் தெரியவரும்.

ஏழை நாடுகளில் இதய மருத்துவம் என்றால் வெளிநாட்டு அறுவைக் குழு வந்து இரண்டு வாரம் தங்கி, சிலருக்கு வால்வு மாற்றிவிட்டுப் போவதுதான் நெடுநாள் வழக்கம். அவர்கள் கருணையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுதும் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும்; அளவு சரியா என்று அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். விமானம் ஏறிப் போனவர்கள் அதைச் செய்ய முடியாது. அந்த ஊரிலேயே இருப்பவர்கள்தான் செய்ய முடியும். கம்பாலாவின் உகாண்டா இதய நிறுவனம், 2007இல் சூடானின் கார்ட்டூமில் திறந்த இலவச அறுவை மையமான சலாம், தான்சானியாவின் தார் எஸ் சலாமில் உள்ள இதய நிறுவனம் போன்றவை அதனால்தான் முக்கியமானவை.

அதைவிட முக்கியம் கீழ்மட்டப் பயிற்சி. உகாண்டாவிலும் ஃபிஜித் தீவுகளிலும் செவிலியர்களுக்கே எக்கோ பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கையடக்கக் கருவியில் சந்தேகம் தோன்றினால் மேலே அனுப்புவது அவர்கள் வேலை. முடிவு சொல்வது நிபுணர் வேலை. இதய நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் உள்ள நாட்டில் இதைத் தவிர வேறு வழியில்லை என்பது என் உறுதியான கருத்து. தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் பொங்கானி மயோசி இந்த நோயை ஒழிக்கவே உழைத்தார். இதற்கான முயற்சிகளை விரைவுபடுத்துமாறு அரசுகளை வலியுறுத்தும் தீர்மானத்தை உலக சுகாதாரப் பேரவை 2018 மே மாதம் நிறைவேற்றியது. இரண்டே மாதத்தில் மயோசி காலமானார்.

இனி, நம் வீட்டுக்கு. பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்து, விழுங்கவே முடியாமல், கழுத்தில் நெறி கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கிருமிதான் காரணமென்றால், வலி தொடங்கிய ஒன்பது நாளுக்குள் சரியான மருந்து கொடுத்தாலே வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். மூட்டு வீக்கம் இடம் மாறினால், கைகால் தானாக வெட்டி இழுத்தால், படியேறும்போது மூச்சு வாங்கினால் எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழு தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இருக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

நோய் உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிடூர் என்ற பென்சிலின் ஊசி. வால்வு பாதித்திருந்தால் குறைந்தது பத்து ஆண்டு; எந்த வயது வரை என்பதை இதய மருத்துவர் சொல்வார். பாதிப்பு கடுமை என்றால் இன்னும் நீளும். அலர்ஜிக்குப் பயந்து பல இடங்களில் ஊசி போட மறுக்கிறார்கள். இந்தப் பயத்தைப் போக்குவதும் பயிற்சிதான்: அட்ரினலின் கையில் இருந்து, அவசரத்தில் என்ன செய்வது என்று கற்றிருந்தால் துணிந்து போடலாம். வால்வு மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு ஊசியா மாத்திரையா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊசி போட மறுக்கிறார்கள் என்றால், இதய மருத்துவரின் சீட்டோடு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போங்கள். தமிழ்நாட்டில் 104க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். சுருங்கிய வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சையோ வால்வு மாற்றமோ தேவைப்பட்டால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு வருகிறது. இறக்குமதி வால்வைவிட விலை குறைவு.

பிள்ளைக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்பதைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஊர்த் திருவிழா வந்தாலும், பரீட்சை வந்தாலும், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றினாலும், அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள்.