மெமரி கார்டில் இருந்தும் பாடம் ஓடவில்லையா?



பிளஸ் டூ, டிஎன்பிஎஸ்சி வகுப்புகளின் வீடியோ பாடங்களை மெமரி கார்டில் பதிந்து வாங்கிச் செல்லும் பிள்ளைகள் சொல்லும் புகார் இது: "டேட்டா இருந்தால் ஓடுகிறது, தீர்ந்தால் நின்றுவிடுகிறது." கார்டில் பழுது இல்லை. வீடியோ சேமிக்கப்பட்ட விதம்தான் காரணம்.

இணையத்தில் ஓடும் வீடியோ பெரும்பாலும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் அது சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஆறு விநாடித் துண்டு என்றால் ஒரு மணி நேரப் பாடத்துக்கு 600 துண்டுகள். எதன்பின் எது என்று சொல்ல 'எம்3யு8' என்று முடியும் ஒரு பட்டியல் கோப்பு உண்டு. அதில் படமோ குரலோ கிடையாது, வெறும் எழுத்துதான். அதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது, பிரியாணிக்குச் சாமான் சீட்டை மட்டும் பண்டாரியிடம் கொடுப்பதைப் போன்றது.

துண்டுகளையும் சேர்த்து ஒரே ஃபோல்டரில் நகலெடுத்திருந்தாலும் பட்டியலைத் திறந்து பாருங்கள். துண்டுகளின் பெயர் மட்டும் இருந்தால் ஆண்ட்ராய்டில் விஎல்சி செயலி பெரும்பாலும் ஓட்டிவிடும். 'எச்டிடிபி' என்று தொடங்கும் முழு முகவரி இருந்தால், துண்டு பக்கத்திலேயே கிடந்தாலும் செயலி நெட்டுக்குத்தான் போகும். ஐபோனின் சொந்த பிளேயரோ போனில் கிடக்கும் பட்டியலை நேரடியாக ஏற்பதே இல்லை.

ஆகவே பதிந்து கொடுக்கும் சகோதரர்கள், முகவரிகளை வெறும் பெயராக மாற்றி, 'எஃப்எஃப்எம்பெக்' என்ற இலவச மென்பொருளால் துண்டுகளை ஒட்டி ஒரே எம்பி4 கோப்பாகத் தருவதே நல்லது. மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுக்கச் சொன்னால் தரம் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

பட்டியலில் 'கீ' என்ற வரி இருந்தால் துண்டுகள் பூட்டப்பட்டிருக்கலாம். பூட்டை உடைக்க வழி தேட வேண்டாம். அது அடுத்தவர் உழைப்பு. பாடம் நடத்திய ஆசிரியரிடமே அனுமதி கேளுங்கள், எம்பி4 அவரிடமே இருக்கக்கூடும். யூடியூப் செயலிக்குள் டவுன்லோட் செய்ததும் அந்தச் செயலியில் மட்டுமே ஓடும். கார்டில் நகலெடுத்து வேறு பிளேயரில் ஓட்ட இயலாது.

கொடுக்கும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஆரம்பம், நடு, கடைசி என்று ஓட்டிப் பாருங்கள். முதல் நிமிடம் மட்டும் பார்த்தால் போதாது. இடையில் ஒரு துண்டு விடுபட்டிருந்தால், பிள்ளைக்கு அது தேர்வுக்கு முந்தைய இரவில்தான் தெரியவரும்.