சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆகாது: பழைய வாகனத்தின் கோளாறைக் கண்டறிவது எப்படி?

வாகனம் அடியோடு நின்றுவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. கராஜுக்கு இழுத்துச் செல்லலாம். பழுதும் அங்கேயே அகப்பட்டுவிடும். பத்துத் தடவை ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிட்டு, பதினோராவது தடவை, அதுவும் சாமான் ஏற்றிய பிறகு கையை விரிக்கும் வாகனம்தான் வியாபாரியை அலைக்கழிக்கிறது. கராஜில் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகும். பாஸ் ஊகத்தின் பேரில் ஏதாவதொன்றை மாற்றுவார். ஒரு வாரம் ஓடும். பிறகு அதே கதை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி பல ஆண்டுகளுக்குப் பிறகே கட்டம் கட்டமாகத் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில் நம்மில் பலர் பழைய வேன்களையும் லொறிகளையும் வைத்தே தொழிலைக் கொண்டு நடத்தினோம். இன்றும் சிறு வியாபாரிகள் பெரும்பாலும் பாவித்த வாகனத்தையே நம்பியிருக்கிறார்கள். எனவே, பாகங்களை மாற்றி மாற்றிப் பணத்தை விரயமாக்குவதற்கு முன்னர், பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நாமே அறிந்துகொள்வது நல்லது. அதற்கு மெக்கானிக் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் காது கொடுங்கள்

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் கேட்கிறது என்பதே முதல் கேள்வி. மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

1. 'கட கட' என்று தொடர்ந்து அடிக்கிறது, அல்லது என்ஜின் சோம்பலாகச் சுழல்கிறது. மின்சாரம் போதவில்லை.

2. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அல்லது சத்தமே இல்லை. ஆனால் ஹெட்லைட் பிரகாசமாக எரிகிறது. ஸ்டார்ட்டர், அதற்குப் போகும் வயர்கள், சாவி சுவிட்ச் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

3. என்ஜின் வழமையான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. இது பெட்டரியின் குற்றமல்ல. எரிபொருளோ, பிளக்குக்கு வரும் நெருப்போ போய்ச் சேரவில்லை.

மூன்றாவது வகைக் கோளாறுக்குப் புதுப் பெட்டரி வாங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். காதைப் பாவித்திருந்தால் அந்தப் பணம் கையில் மிஞ்சியிருக்கும்.

மின்சாரம் போதாவிட்டால்

ஒரு சாதாரண மல்டிமீட்டரின் விலை பெட்டரி விலையில் சிறு பங்குதான். வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் அது இருக்க வேண்டும் என்பேன்.

இரவு முழுவதும் நின்ற வாகனத்தில், காலையில் சாவி போடும் முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் அநேகமாக வெறுமை. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், ஏற்கெனவே நிறைந்திருந்த பெட்டரியானால் அது பலவீனப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்தால் பழுது பெட்டரியில் அல்ல, சார்ஜ் செய்யும் அல்டர்னேட்டர் பக்கத்தில். பெரிய லொறிகளில் இரண்டு பெட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் தருவதால், இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் இரண்டும் கெட்டது போலவே தோன்றும்.

பெட்டரி நல்லது, ஆனாலும் ஸ்டார்ட்டர் தடுமாறுகிறது என்றால் எர்த் வயரைப் பாருங்கள். மொத்த வியாபாரி ஒருவர் தனது வேனுக்கு இரண்டு பெட்டரி, ஒரு ஸ்டார்ட்டர் மாற்றிய பிறகுதான், என்ஜினுக்குப் போகும் எர்த் வயரின் முனை உறைக்குள்ளே அரித்துப் போயிருந்தது தெரியவந்தது. ஹெட்லைட் எரியச் சில அம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு நூறு அம்பியருக்கு மேலும் தேவைப்படலாம். மிஞ்சியிருந்த நான்கைந்து கம்பி இழைகள் விளக்குக்குப் போதுமானவை, ஸ்டார்ட்டருக்குப் போதாதவை. வண்டியின் குலுக்கலில் இழைகள் சேர்ந்த நாளில் ஸ்டார்ட் ஆனது, விலகிய நாளில் மறுத்தது.

இதைக் கண்டறிவது இலகு. மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸிலும், மறுமுனையை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கத்தில் தடை இருக்கிறது. டேர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் கையாளுங்கள்.

ஒற்றை 'டக்' சத்தம்

ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செப்புத் தகடுகள் தேய்ந்தால், ஐந்தாறு தடவை 'டக்' என்று விட்டு ஏழாவது தடவை பிடிக்கும். பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் இந்தத் தகடுகளை மட்டும் மாற்றலாம். முழு ஸ்டார்ட்டரையும் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு ஓட வேண்டியதில்லை.

ஓட்டோ கியர் வாகனம் 'பி'யில் மறுத்து 'என்'னில் ஸ்டார்ட் ஆனால், கியர் நிலையைக் காட்டும் சுவிட்ச்சைச் சரிபார்க்க வேண்டும். சாவியை அசைத்தால் பிடிக்கிறதென்றால் சாவி சுவிட்ச். கடைச் சாவி, களஞ்சியச் சாவி எல்லாவற்றையும் வண்டிச் சாவியோடு கோர்த்துத் தொங்கவிடும் நமது பழக்கம் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது.

சுழல்கிறது, பிடிக்கவில்லை

பெற்றோல் இன்ஜெக்ஷன் வாகனமானால், சாவியை 'ஒன்' நிலையில் வைத்துக் கவனியுங்கள். பெரும்பாலான வாகனங்களில் டேங்க் பக்கமிருந்து ஓரிரு விநாடி பம்ப் இரையும். பழுது காட்டும் நேரத்தில் அந்த இரைச்சல் இல்லையென்றால் பம்ப், அதன் ரிலே, பியூஸ் என்ற வரிசையில் தேடலாம். சூடாக இருக்கும்போது மறுத்து, அரை மணித்தியாலம் ஆறியதும் பிடித்தால், கிராங்க் சென்சர் மீது சந்தேகம் கொள்ளலாம். 1990களின் ஹொண்டா கார்கள் வெயிலில் நின்ற பின் மறுத்தால், பிரதான ரிலேயில் ஈயப் பற்று வெடித்திருப்பது பலரும் அறிந்த காரணம்.

டீசல் வாகனம் காலையில் மட்டும் அடம்பிடித்தால் ஹீட்டர் பிளக்குகளையும், எரிபொருள் குழாய்க்குள் காற்றுப் புகும் இடங்களையும் பார்க்க வேண்டும். கைப்பம்பை அழுத்திய பின் உடனே பிடித்தால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது என்று அர்த்தம்.

எதுவானாலும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட் அடிக்காதீர்கள். சற்று ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரும் கருகிவிடும்.

ஒரு சிறு கொப்பி

கடன் கணக்கை எழுதும் நாம் வாகனத்தின் கணக்கை எழுதுவதில்லை. ஒவ்வொரு தடவை மறுக்கும்போதும் திகதி, நேரம், என்ஜின் சூடா குளிரா, மழையா வெயிலா, என்ன சத்தம், எப்படிப் பிடித்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாறு வரிகள் சேர்ந்ததும் ஒழுங்கு ஒன்று தெரியவரும். அதை பாஸிடம் கொடுத்தால், அவரும் ஊகிப்பதை விட்டுத் தேடத் தொடங்குவார்.

வாங்கும்போதும் விற்கும்போதும்

பாவித்த வாகனம் வாங்கப் போகும்போது, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பொனட்டில் கை வைத்துக் குளிர்ந்திருப்பதை உறுதி செய்த பின் ஸ்டார்ட் பண்ணுங்கள். அரை மணித்தியாலம் ஓட்டி, நிறுத்தி, கால் மணித்தியாலம் கழித்து மீண்டும் பாருங்கள். பழைய வண்டியில் பளபளக்கும் புதுப் பெட்டரி இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. இடையிடையே வரும் பழுதுதான் மறைப்பதற்கு மிக இலகுவானது. வாங்க வருபவர் நிற்கும் பத்து நிமிடத்தில் அது வெளிப்படாமல் போகலாம். ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்பதை நமது மார்க்கம் அனுமதிக்கவில்லை. விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருல் ஐப்' என்று ஃபிக்ஹில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. 'சில நாள் காலையில் மறுக்கிறது' என்று சொல்லி விற்றால் விலையில் கொஞ்சம் குறையலாம். அடுத்த தடவை அவர் நம் கடைப் படியை நம்பிக்கையோடு மிதிப்பாரே, அந்த இலாபம் எந்தக் கொப்பியிலும் அடங்காது.